ஆரோக்கியத்தைச் சமூக அறிவியலாகப் படித்த இரண்டாண்டுகள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மதிப்பீடு

9 ஆண்டுகள் மருத்துவமனை வார்டில் செவிலியராக வேலை பார்த்த பிறகு, என் 33ஆம் வயதில் ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். ஆரோக்கியத்தையும் நல்வாழ்வையும் சமூகவியல், மானுடவியல், பொருளியல், அரசியல் ஆகிய துறைகளின் வழியாக ஆராயும் படிப்பு அது. நான்கு பருவங்கள், 16 தாள்கள், இறுதியில் ஓர் ஆய்வேடு. பல்கலைக்கழகம் கேரளத்தில் உள்ளது. அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இத்துறையை நடத்தும் வேறு இடங்களுக்கும் பொருந்தும் என்று அங்கெல்லாம் படித்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் எனப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர்களில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, அதன்பின் நர்சிங்கோ சமூகப்பணியோ பொருளியலோ படித்துவிட்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளுக்கு நான் அரைகுறையாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இது முழுப் பதில்.

முதலில் இந்தப் படிப்பு எது அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது மருத்துவம் அன்று. பொதுச் சுகாதார முதுகலையும் அன்று. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் நடத்திவரும் பொதுச் சுகாதாரப் படிப்பைப் போன்றவற்றில் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் திட்டமிடலும் முதலிடம் பெறும். நான் படித்ததில் அவை துணைப்பாடங்களாகவே இருந்தன. ஒரு நோய் யாருக்கு வருகிறது, வந்த நோயை அவர் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார், அதை முதலில் யாரிடம் சொல்கிறார், சொன்னதைக் கேட்டவர் அதை என்னவாக எழுதிக்கொள்கிறார் என்னும் கேள்விகளே இங்கு நடுவில் நிற்கின்றன. ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் காயம் கட்டவும் தெரிந்த எனக்கு, முதல் மூன்று மாதங்கள் இவையெல்லாம் படிப்பதற்குரிய கேள்விகளா என்ற ஐயம் இருந்துகொண்டே இருந்தது.

அந்த ஐயத்தை நீக்கியது, முதல் பருவத்தில் ருடால்ஃப் விர்ஹோவைப் பற்றி நடந்த வகுப்பு. 1848ஆம் ஆண்டில் மேல் சைலீசியாப் பகுதியில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பிரஷ்ய அரசு 26 வயது மருத்துவரான விர்ஹோவை அங்கே அனுப்பியது. மருந்துகளின் பட்டியலோடு திரும்பி வருவார் என்று எதிர்பார்த்த அரசுக்கு அவர் கொடுத்த அறிக்கையில் கல்வி, வரி, சாலை, வேளாண்மை, மக்களாட்சி ஆகியவை இடம்பெற்றன. அப்பகுதி மக்கள் பேசியது போலிஷ். அவர்களை ஆண்டவர்கள் பேசியது ஜெர்மன். போலிஷ் மொழியும் ஆட்சிமொழியாக வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளுள் ஒன்று. காய்ச்சலுக்கும் மொழிக்கும் என்ன உறவு என்று வகுப்பில் சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சித்தூர் வட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது எழாது. கேரளத்தில் வாழும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மாத்திரைக் கவரின்மேல் காலை, இரவு என்று எழுதித் தருவது எந்த மொழியில் என்பது அன்றைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. இரண்டு எழுத்துகளையும் படிக்கத் தெரிந்த பேத்தி வீட்டில் இல்லாத நாள்களில், எங்கள் தெருவிலுள்ள முதியவர்கள் கவரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதை நான் உதவி என்றே நினைத்திருந்தேன். ஆராய வேண்டிய செய்தி என்று முதன்முதலில் எண்ணியது அந்த வகுப்பில்தான்.

கோட்பாட்டுத் தாள்களைப் பற்றி ஒரு சொல். அவை கடினமானவை, ஆனால் பயனற்றவை அல்ல. சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் விளக்கிய ‘நோயாளிப் பாத்திரம்’ என்னும் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். நோயுற்றவருக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய்க்காக அவரைக் குற்றம் சொல்வதில்லை. அதற்கு ஈடாக அவர் குணமடைய விரும்ப வேண்டும், தகுந்தவரிடம் சிகிச்சை பெற வேண்டும் என்பது அதன் சாரம். களையெடுக்கப் போகும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த விலக்கை அவளுக்கு யார் தருவார் என்று நான் வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் பதில் சொல்லாமல், அதையே என் முதல் கட்டுரையின் தலைப்பாக்கினார். இப்படி மாணவரின் கேள்வியைப் பாடமாக மாற்றும் ஆசிரியர்கள் அத்துறையில் மூவர் இருந்தார்கள். இப்படிப்பின் தரத்துக்கு அவர்களே காரணம்.

சமூகவியலாளர் இர்விங் ஸோலா 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று என்னை வேறு வகையில் பாதித்தது. மக்கள் வலி உச்சத்தை அடையும்போது மருத்துவரிடம் வருவதில்லை. வேலை கெடும்போது, உறவுகளுக்கு இடையூறாகும்போது, வேறொருவர் வற்புறுத்தும்போது, அல்லது தாமே குறித்துக்கொண்ட ஒரு நாள் கடக்கும்போதுதான் வருகிறார்கள் என்று அவர் காட்டினார். நான் வார்டில் இருந்தபோது, சர்க்கரை நோயால் காலில் புண் அழுகிய நிலையில் ஒரு பெண்மணி வந்தார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று அவரைக் கடிந்துகொண்டேன். கேஸ் ஷீட்டில் ‘தாமதமாக வந்தவர்’ என்று எழுதினேன். மகளின் வளைகாப்பு முடியும்வரை பொறுத்திருந்ததாக அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அது எழுதத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. வளைகாப்புக்கு முன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றால் சம்பந்தி வீட்டார் முன் என்ன ஆகும் என்பதை அவர் கணக்கிட்டிருக்கிறார். அந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்திருந்தால், அவருடைய ஊரின் ஆஷா பணியாளரோ நானோ வேறு விதமாகப் பேசியிருக்க முடியும். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சமூக நிலைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய தாள் நன்றாக நடத்தப்பட்டது. 1967இல் இலண்டனில் அரசு ஊழியர்களிடம் தொடங்கப்பட்ட வைட்ஹால் ஆய்வு, எல்லோரும் நிரந்தர வேலையும் மேசையும் நாற்காலியும் உடையவர்களாக இருந்தபோதிலும், கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உயர்நிலையினரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. வறுமை மட்டும் கொல்வதில்லை, படிநிலையும் கொல்கிறது என்பதை மருத்துவமனையில் பல படிகளுக்குக் கீழே நின்று வேலை பார்த்த எவரும் எளிதில் ஏற்பார்கள். அதைவிட எங்கள் எல்லைக்கு நெருக்கமானது அமர்த்தியா சென் 2002இல் எழுப்பிய கேள்வி. இந்தியாவில் ஆயுள் நீண்ட மாநிலமான கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்வோரும் மிகுதி. கல்வியும் மருத்துவ வசதியும் பெருகும்போது நோயை நோயென்று உணர்ந்து சொல்லும் திறனும் பெருகுகிறது. ஆகவே ‘உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?’ என்ற கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எண்ணிக் கூட்டினால் தவறான முடிவுக்கு வருவோம். ஒரே குடும்பத்தில் அக்கா பொள்ளாச்சிப் பக்கமும் தங்கை பாலக்காட்டுப் பக்கமும் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் ஊர்களில், இந்தக் கேள்வியை இருவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். நான் என் பெரியம்மா மகள்களிடமே கேட்டுப் பார்த்தேன். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புகளுக்குக் குழந்தை இறப்பு கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, இந்திய அளவில் 28. மாநிலச் சராசரிக்குள் எல்லையோரப் பஞ்சாயத்து ஒன்று எப்படிக் காணாமல் போகிறது என்பதைக் கற்றுக்கொடுத்த வகையில் இத்தாள் முழு மதிப்பெண் பெறத்தக்கது.

பாடத்திட்டத்தின் பெரிய குறை, அது படிக்கச் சொன்னவற்றில் பெரும்பகுதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை என்பதுதான். இந்தியச் சுகாதாரச் சேவைகளைப் பற்றி ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946இல் தந்த அறிக்கை, ஆரம்பச் சுகாதாரம் குறித்த 1978இன் அல்மா ஆட்டா அறிவிப்பு, 2005இன் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஆகியவை ஒரே வாரத்தில் முடிக்கப்பட்டன. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் நடந்தது ஒரு மணி நேர வகுப்பாகச் சுருங்கியது. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு குளிர்பான ஆலை திறக்கப்பட்டது. கிணற்று நீர் சமைக்கவும் குளிக்கவும் உதவாமல் போனதாக முதலில் சொன்னவர்கள் பழங்குடிக் குடியிருப்புப் பெண்கள். 2002 ஏப்ரல் மாதத்தில் மயிலம்மா முன்னின்று தொடங்கிய போராட்டம், 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, 2010இல் உயர்நிலைக் குழு 216.26 கோடி ரூபாய் இழப்பென மதிப்பிட்டது, 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது என்று இத்தனையும் பொது ஆவணங்களில் உள்ளன. அரிசி வேகவில்லை, குளித்தால் கண் எரிகிறது, தோல் அரிக்கிறது என்று பெண்கள் சொன்னது எப்போது ‘புகார்’ ஆகியது, எப்போது ‘சான்று’ ஆகியது என்பதைவிட இத்துறைக்குப் பொருத்தமான பாடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ஐந்து மாணவர்கள் எழுதிக் கொடுத்து வேண்டியபின், மூன்றாம் பருவத்தில் அதற்கென ஒரு கருத்தரங்கு நாள் ஒதுக்கினார்கள். கேட்டால் செவிசாய்க்கிறார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். கேட்காமலே அது பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்படிப்பில் யாரேனும் சேர வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரே காரணம் கேட்டால், மூன்றாம் பருவத்தின் களப்பணித் தாளைச் சொல்வேன். அதை நடத்திய ஆசிரியை முதல் நாளிலேயே, நாங்கள் தயாரித்து வந்திருந்த கேள்வித்தாள்களை மூடி வைக்கச் சொன்னார். பத்துக் கேள்விகள் போதும், அவற்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தாளைப் பார்த்துப் படித்தால் எதிரில் இருப்பவர் தேர்வு எழுதுவதுபோல் பதில் சொல்வார் என்றார். மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மேன் 1970களில் வகுத்த கேள்விகள் எங்களுக்கு அடிப்படையாக அமைந்தன: உங்களுக்கு வந்திருப்பதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், அது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்போது தொடங்கியது, உடம்புக்குள் அது என்ன செய்கிறது, இதில் எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்கள். 9 ஆண்டுகளில் எத்தனையோ நூறு பேரிடம் ‘எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக’ என்று கேட்ட நான், ‘எதற்குப் பயப்படுகிறீர்கள்’ என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. வார்டில் அதற்கு நேரமில்லை என்பது உண்மை. கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தது என்பதும் உண்மை.

பதிவு செய்த நேர்காணலை வேறொருவரிடம் கொடுத்து எழுதி வாங்கக் கூடாது, நீங்களே கேட்டுக் கேட்டு எழுத வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது விதி. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அந்த ஆறு மணி நேரத்தில், நான் எங்கெல்லாம் குறுக்கே பேசினேன், எங்கெல்லாம் அவர்கள் சொல்ல வந்ததை நானே முடித்து வைத்தேன் என்பது தெரிந்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு அம்மாயி, ‘மேலுக்கு முடியல கண்ணு’ என்று தொடங்கியதும் ‘காய்ச்சலா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். மறுபடி போய்ப் பொறுமையாக உட்கார்ந்தபோது, மகன் திருப்பூருக்குப் போய் மூன்று மாதமாகப் பணம் அனுப்பாததில் தொடங்கி, இராத்திரி உறக்கம் போனது, சோறு இறங்காதது, மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. ‘மேலுக்கு முடியல’ என்ற இரண்டு சொற்களுக்குள் இத்தனையும் இருந்தன. ‘காய்ச்சலா’ என்ற என் ஒரு சொல் அத்தனையையும் மூடிவிட்டிருந்தது.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது தண்ணீர். கேரளத்தில் மழை குறைந்த பகுதி எங்களுடையது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழை என்னும் ஆற்றுக்கு வர வேண்டும். அது எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதே எங்கள் ஊர்களில் ஆண்டு முழுவதும் நடக்கும் பேச்சு. குடிக்க ஆழ்துளைக் கிணறு. கிழக்குப் பாலக்காட்டின் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது நிலத்தடி நீர் ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பதிவாகி வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதற்கு மேல் நீண்ட நாள் குடித்தால் குழந்தைகளின் பல்லில் கறை படியும், அளவு மிகவும் கூடினால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இதை அளப்பது வேதியியலாரின் வேலை. நான் செய்தது, 24 பெண்களிடம் அவர்களுடைய முழங்கால், இடுப்பு வலியைப் பற்றியும் அவர்கள் சுமக்கும் தண்ணீரைப் பற்றியும் பேசியது. தண்ணீரில் உள்ளதால் வலியா, தண்ணீரைச் சுமப்பதால் வலியா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் இருந்தன. இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டாவதை எந்தப் பரிசோதனைக்கூடமும் அளப்பதில்லை.

‘நல்வாழ்வு’ என்னும் சொல்லுக்கு அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று அறிய முயன்றது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் ஆரோக்கியத்தை உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றின் முழுமையான நல்நிலை என்று வரையறுக்கிறது. நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, ‘நல்லா இருக்கிறோம்னு எப்போ தோணும்?’ என்று கேட்டேன். லாரித் தண்ணீர் வரும் நாளில் வேலைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டியிராத வாரம் என்று ஒருவர் சொன்னார். கைமாற்றுக் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவில் நேராக நடந்து போன நாள் என்று இன்னொருவர் சொன்னார். பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவைப் போய்ப் பார்த்து ஒரு இரவு தங்கி வந்தது என்று மூவர் சொன்னார்கள். சிகிச்சை எங்கே பெறுகிறார்கள் என்று கேட்டபோது எல்லை மீண்டும் குறுக்கே வந்தது. கேரளத்தின் காருண்யா காப்பீடும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. ஆனால் குடும்ப அட்டை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துத் திட்டமே கிடைக்கும். திருமணமாகி இந்தப் பக்கம் வந்து, அட்டையில் பெயர் இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கும் பெண்கள் எனக்குத் தெரிந்தே நால்வர். அவர்கள் இரு பக்கமும் உறவுடையவர்கள். நோய் வந்தால் இரு பக்கமும் இல்லாதவர்கள்.

இனி நான் மனவருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதி. நேர்காணல்கள் தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில். இதற்கு விதிவிலக்கு இல்லை. 24 பெண்கள் தம் வலியைச் சொல்லப் பயன்படுத்திய சொற்களை நான் ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தேன்: கடுப்பு, குடைச்சல், குத்தல், இழுப்பு, உளைச்சல், மதமதப்பு, மரத்துப்போவது, விண்விண் என்று தெறிப்பது. குடைச்சல் எலும்புக்குள் நிகழ்வது. குத்தல் ஓரிடத்தில் வந்து போவது. உளைச்சல் வேலை முடிந்து படுத்தபின் காலில் பரவுவது. மதமதப்பு வலியே அன்று, அது உணர்வு குறைவது, சர்க்கரை நோயுள்ளவர் சொன்னால் உடனே காலைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இவற்றில் பாதிக்கு மேல் ஒரே சொல்லில் போய் விழுந்தன. மக்கள் நோயைச் சொல்லும் விதமே அறிவு என்று இரண்டாண்டுகள் கற்பித்த துறை, அந்த விதத்தைக் கடைசி வாசலில் இறக்கிவைத்துவிட்டு வரச் சொன்னது. என் நெறியாளர் இதைப் புரிந்துகொண்டார். தமிழ்ச் சொற்களையும் அவற்றின் விளக்கத்தையும் 11 பக்கப் பின்னிணைப்பாகச் சேர்க்க அனுமதி வாங்கித் தந்தார். அது அவருடைய நல்ல மனம். அடுத்த மாணவருக்கு அதே நெறியாளர் வாய்ப்பார் என்பதற்கு உறுதியில்லை.

ஒப்புதல் படிவத்திலும் இதே சிக்கல். துறையில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மாதிரிப் படிவங்கள் இருந்தன; தமிழில் இல்லை. நானே எழுதிக் கொடுத்தேன். நெறிமுறைக் குழு அதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுச் சான்றளிக்க வேண்டும் என்றது. விதி சரியானதே, பங்கேற்பவரின் பாதுகாப்புக்காக உள்ளது. ஆனால் அந்தச் செலவும் ஆளைத் தேடும் வேலையும் மாணவர் தலையில் விழுந்தன, நான்கு மாதங்கள் கழிந்தன. மலையாளத்தில் ஆய்வு செய்த என் வகுப்புத் தோழிகள் அந்த நான்கு மாதங்களில் களப்பணியையே முடித்துவிட்டார்கள். தமிழர் வாழும் பகுதிகளைத் தன் எல்லைக்குள் கொண்ட மாநிலத்தின் பல்கலைக்கழகம் ஒரு தமிழ்ப் படிவத்தை வைத்திருப்பது பெரிய வேண்டுகோள் அன்று. என்னுடையதைத் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்; தமிழில் ஆய்வு செய்ய விரும்புவோர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. புள்ளியியல் தாள் அவசரமாக நடத்தப்பட்டது. கணக்கில் அச்சமுள்ளவர்கள் சேரும் முன்பே அடிப்படைகளைப் படித்துக்கொள்வது நல்லது. நூலகம் சிறப்பானது, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். வகுப்பில் 18 பேர். மருந்தாளர், பள்ளி ஆசிரியை, பொருளியல் பட்டதாரிகள், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று கலந்திருந்தோம், அந்தக் கலப்பு நல்லது. மலையாளத்தில் விவாதம் வேகமெடுக்கும்போது எனக்குப் பேச்சு வரும், ஆனால் நுணுக்கம் வராது. இதைச் சொன்னதும் ஆசிரியர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், தோழிகள் மெதுவாகப் பேசினார்கள். கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு என் வார்டுச் சம்பளத்தில் ஒரு மாதத்துக்கு நிகரானது. உண்மையான செலவு, இரண்டாண்டுச் சம்பளம் இல்லாமல் போனதுதான். அதை ஈடுசெய்ய விடுமுறைகளில் இரவுப் பணி பார்த்தேன்.

வேலையைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்பட்டம் பெற்றவருக்கென்று பெயர் குறித்த அரசுப் பதவி எதையும் நான் காணவில்லை. செவிலியர் பணியில் பதவி உயர்வுக்கு இது கணக்கில் வராது. ஆய்வுத் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஒப்பந்த வேலைகள் உள்ளன. முனைவர் பட்டத்துக்குப் போகலாம். என் தோழிகளில் ஏழு பேர் முதல் ஆண்டுக்குள் ஏதேனும் ஒரு ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தார்கள். நான் ஒரு வீட்டுவழி வலிநிவாரணச் சேவையில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். 1990களில் கோழிக்கோட்டில் முளைத்து, 2008இல் அரசுக் கொள்கையாகவும் ஆன கேரளத்தின் வலிநிவாரணப் பராமரிப்பில், படுக்கையின் அருகே உட்கார்ந்து கேட்பதும் வேலையாகவே கருதப்படுகிறது. வார்டில் கிடைக்காத நேரம் இங்கே கிடைக்கிறது. உடனடி வருமானமோ நிரந்தரப் பதவியோ தேவைப்படும் குடும்பச் சூழலில் உள்ளவர்கள் இதில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்கெனவே கையில் ஒரு தொழில் இருந்து, அந்தத் தொழிலில் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்ற உறுத்தல் உள்ளவர்கள் சேரலாம். சேரும் முன் துறையிடம் மூன்றைக் கேளுங்கள்: களப்பணித் தாளை இந்த ஆண்டு நடத்துபவர் யார், தமிழில் நேர்காணல் செய்தால் மொழிபெயர்ப்புச் செலவை யார் ஏற்பார், ஆய்வு முடிவுகளைப் பங்கேற்றவர்களிடம் திருப்பிச் சொல்வதற்குக் கால அட்டவணையில் இடம் உண்டா.

மூன்றாவதை நான் கேட்காமல் சேர்ந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஒரு மாதம் கழித்து, ஆறு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதிக்கொண்டு, நேர்காணல் தந்தவர்களில் பதினான்கு பேரை ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையில் கூட்டி வாசித்துக் காட்டினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். நான்காம் பக்கத்தில் அந்த அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். குடைச்சல் என்று தான் சொன்னது முழங்காலை அன்று, இடுப்பை. முழங்காலில் தனக்கு வருவது இழுப்பு, அது குடம் தூக்கும்போது மட்டும்தான் வரும் என்றார். பக்கத்திலிருந்த இருவர் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். தமிழ்ச் சுருக்கத்தில் அங்கேயே பேனாவால் திருத்திக்கொண்டேன். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன ஆங்கிலப் பிரதியின் அட்டவணையில் அது முழங்கால் என்றே அச்சாகியிருக்கிறது. திருத்தத் தாளை இணைக்க அனுமதி கேட்டு நெறியாளருக்கு எழுதியிருக்கிறேன்.